மாங்கனீசு சேர்த்த துத்தநாக சல்பைடு: ஓர் ஆரஞ்சு ஒளியின் ஆயுளைப் பற்றிய வழக்கு

1994 ஜனவரியில் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனரில் இருந்த பார்கவா, பிரவுன் பல்கலைக்கழகத்து நுர்மிக்கோ, கூடவே கல்லகர், ஹாங் என்று நான்கு பேர் எழுதியது. துத்தநாக சல்பைடை சில நானோமீட்டர் அளவு படிகமாக வளர்த்து, அதற்குள் கொஞ்சம் மாங்கனீசைப் போட்டிருக்கிறோம், அது அறை வெப்பநிலையில் 18 சதவீதத் திறனோடு ஆரஞ்சு மஞ்சளாக ஒளிர்கிறது என்பது ஒரு செய்தி. இன்னொரு செய்திதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பெரிய படிகத்தில் மில்லி செகண்ட் கணக்கில் நீடிக்கும் மாங்கனீசு ஒளி, நானோ படிகத்தில் சில நானோ செகண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது, அதாவது குறைந்தது ஒரு லட்சம் மடங்கு வேகம் கூடியிருக்கிறது என்றார்கள்.

இந்த இரண்டாவது செய்தி தப்பு. முதல் செய்தி இன்றைக்கும் நிற்கிறது. ஒரே கட்டுரைக்குள் ஒரு துறையைத் தொடங்கிவைத்த கண்டுபிடிப்பும், அந்தத் துறையை நான்கைந்து வருடம் பக்கத்துத் தெருவில் சுற்றவிட்ட முடிவும் சேர்ந்தே இருந்தன. மாசு, அதாவது வேண்டுமென்றே கலக்கும் அந்நிய அணு, சேர்த்து நானோ படிகத்தின் ஒளியை மாற்றுவது பற்றி யார் கேட்டாலும் நான் இந்த வழக்கில்தான் ஆரம்பிப்பேன். ஒளியின் நிறத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது, மாசு அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஒளி எப்போது வெளியே வருகிறது என்ற இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பது இதில் தெரிகிற அளவுக்கு வேறெதிலும் தெளிவாகத் தெரியாது.

முதலில் மாங்கனீசு அங்கே என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். துத்தநாக சல்பைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 3.7 எலக்ட்ரான் வோல்ட். புற ஊதாக் கதிர் பட்டால்தான் விடுபட்ட எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலி இடமான துளையும் உருவாகும். மாசு எதுவும் இல்லாவிட்டால் அந்த இரண்டும் சேரும்போது, பெரும்பாலும் மேற்பரப்பிலோ உள்ளேயோ இருக்கும் குறைகளின், அதாவது அணு வரிசை பிசகிய இடங்களின், வழியாக, மங்கலான நீல ஒளி வரும். அதன் பட்டை, அதாவது அது பரவியிருக்கும் அலைநீள வீச்சு, ரொம்ப அகலமானது. இப்போது துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் மாங்கனீசு உட்கார்ந்தால் கதை மாறுகிறது. அதுவும் துத்தநாகம் போலவே இரண்டு நேர் மின்சுமை கொண்ட அயனிதான், ஆரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதன் 3டி கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள், ஐந்தும் ஒரே திசைச் சுழற்சியோடு நிற்கின்றன. படிகம் உறிஞ்சிய ஆற்றல் பிக்கோ செகண்ட் கணக்கில் மாங்கனீசுக்குக் கைமாறிவிடுகிறது, அந்த ஐந்தில் ஒன்று சுழற்சியைத் திருப்பிக்கொண்டு மேல்நிலைக்குப் போகிறது. அது திரும்ப இறங்கும்போது வருவதுதான் 585 நானோமீட்டரை ஒட்டிய ஆரஞ்சு மஞ்சள் ஒளி, சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட்.

அப்படி இறங்குவதற்குத்தான் தடை. சுழற்சியைத் திருப்பாமல் இறங்க முடியாது, ஒளி அலையோ சுழற்சியைத் தொடாது. போதாததற்கு, டி கூட்டிலிருந்து டி கூட்டுக்கே தாவுவதையும் தேர்வு விதி மறுக்கிறது. எலக்ட்ரானின் சுழற்சியும் சுற்றுப்பாதையும் ஒன்றையொன்று பாதிக்கும் சுழற்சி சுற்றுப்பாதைப் பிணைப்பும், நான்கு கந்தகம் சூழ்ந்த நாற்பக்கச் சூழலும் இந்தத் தடைகளைக் கொஞ்சம் தளர்த்துவதால்தான் ஒளி வருகிறது, அதுவும் ஆற அமர வருகிறது. பெரிய படிகத்தில் அதன் சராசரி ஆயுட்காலம் ஏறக்குறைய 1.8 மில்லி செகண்ட். இந்தப் பொருள் ஒன்றும் புதிதில்லை. துவோமோ சுன்தோலா பின்லாந்தில் உருவாக்கிய அணு அடுக்குப் படிவு முறையில் இதே மாங்கனீசு சேர்த்த துத்தநாக சல்பைடை மெல்லிய படலமாகப் படியவைத்துத்தான் மின் ஒளிர்வுத் திரைகள் செய்தார்கள், 1983இல் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் அந்த ஆரஞ்சு மஞ்சள் பலகைகள் வைக்கப்பட்டன. ஆகவே இந்த ஒளியின் நிறமும் ஆயுளும் அனுபவமுள்ளவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி.

அப்படிப்பட்ட ஒளி திடீரென்று ஒரு லட்சம் மடங்கு வேகமாக வந்தால்? நிறைய நடக்கும். மில்லி செகண்ட் ஆயுள் உள்ள ஓர் அயனி, எவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டினாலும் ஒரு செகண்டுக்குச் சில நூறு தடவைக்கு மேல் ஒளிர முடியாது. சக்தியை ஏற்ற ஏற்ற அது திணறி நின்றுவிடும். நானோ செகண்ட் ஆயுள் என்றால் அந்தத் திணறலே இருக்காது, வேகமான திரை, எக்ஸ் கதிர் உணரி, லேசர் என்று எல்லாவற்றுக்கும் வழி திறக்கும். பார்கவா குழு இதற்கு ஒரு காரணமும் சொன்னது: படிகம் சிறிதாகும்போது எலக்ட்ரானும் துளையும் ஒரே கூண்டுக்குள் அடைபடுகின்றன, அவற்றின் எஸ், பி நிலைகள் மாங்கனீசின் டி நிலைகளோடு பலமாகக் கலக்கின்றன, அந்தக் கலப்பு தடையைத் தளர்த்திவிடுகிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. அளவு குறைந்தால் ஆற்றல் இடைவெளி கூடும், நிறம் மாறும் என்பது அப்போது நிரூபணமாகிக்கொண்டிருந்த காலம், அதன் பின்னணியில் நின்ற எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது நமக்குத் தெரியும். அளவு ஆயுளையும் மாற்றும் என்பது அதே வரிசையில் அடுத்த படிபோலத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அதை நம்பிப் பலர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள்.

1998இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆகேத் போல், ஆண்ட்ரீஸ் மையரிங்க் என்ற இரண்டு பேர் இதை நிதானமாக உட்கார்ந்து அளந்தார்கள். அவர்கள் கண்டது நேரடியானது. நானோ படிகத்திலும் மாங்கனீசு ஒளியின் ஆயுள் சுமார் 1.9 மில்லி செகண்ட், பெரிய படிகத்தில் இருப்பதைப் போலவேதான். நானோ செகண்டில் மறையும் ஒளி இருப்பதும் உண்மை, ஆனால் அது மாங்கனீசினுடையது இல்லை. துத்தநாக சல்பைடின் சொந்தக் குறை ஒளி, அந்த அகலமான நீலப் பட்டையின் வால், 585 நானோமீட்டர் வரை நீண்டு வந்து மாங்கனீசு ஒளிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது. அதே அலைநீளத்தில் இரண்டு ஒளிகள். ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் கண்ணை ஏமாற்றியது என்று புரியும். வேகமான ஒளிக்கு ஆயுள் 20 நானோ செகண்ட், மெதுவானதற்கு 1.9 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மொத்தத்தில் ஒரே எண்ணிக்கை ஃபோட்டான்களைத்தான் தருகின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேசர் துடிப்பு அடித்த கணத்தில் வேகமான ஒளியின் செறிவு மெதுவானதைவிட ஏறக்குறைய 95,000 மடங்கு அதிகமாக இருக்கும், ஏனென்றால் அவ்வளவு ஃபோட்டானையும் அது அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் கொட்டிவிடுகிறது. வேகமான ஒளி மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும்கூட, அந்த முதல் கணத்தில் அது 95 மடங்கு ஓங்கித்தான் தெரியும். சரவெடி வெடிக்கும் அந்த நொடியை மட்டும் படம் பிடித்தால் பக்கத்தில் இரவு முழுக்க எரியும் அகல் விளக்கு படத்தில் விழாது, அப்படித்தான் இது. நானோ செகண்ட் சாளரத்தில் மெதுவான ஒளி என்னவாகத் தெரியும்? 100 நானோ செகண்டுக்குள் அது குறைவது வெறும் 0.005 சதவீதம். வரைபடத்தில் அது ஒரு தட்டையான கோடு. தட்டையான கோட்டைப் பார்த்தால் பின்னணி இரைச்சல் என்று கழித்துவிடத்தான் யாருக்கும் கை போகும், அப்படிக் கழிக்கப்படுவதே மாங்கனீசின் ஒளியாக இருக்கும்!

இதிலிருந்து தப்பிக்கும் வழி சிக்கலானது ஒன்றும் இல்லை. லேசர் துடிப்பு அடித்த பிறகு சில மைக்ரோ செகண்ட் காத்திருந்து, அப்புறம் உணரியைத் திறந்து நிறமாலையை எடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் நீல வால் எப்போதோ செத்துப்போயிருக்கும், மிச்சம் இருப்பது மாங்கனீசு மட்டும். துடிப்போடு சேர்த்தே எடுத்த நிறமாலையையும் தாமதமாக எடுத்த நிறமாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடைய ஒளி என்று தானாகத் தெரியும். மாங்கனீசே போடாத படிகத்தை அதே 585இல் வைத்து அளந்து பார்ப்பது இன்னும் எளிய சோதனை. நொடிக்குப் பல கோடித் துடிப்பு அடிக்கும் லேசரை வைத்து மில்லி செகண்ட் ஆயுளைத் தேடக்கூடாது என்பதும் முக்கியம். ஒரு துடிப்பின் ஒளி மறைவதற்குள் அடுத்த லட்சம் துடிப்புகள் வந்துவிழும்போது மெதுவான ஒளி முழுக்க ஒரு நிலையான மேடாகக் குவிந்துபோகும். அடுத்தடுத்து அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேறு குழுக்கள் வேறு முறைகளில் செய்த படிகங்களிலும் மில்லி செகண்ட் ஆயுளையே கண்டார்கள். அதோடு அந்த ஒரு லட்சம் மடங்கு வேகம் என்ற பேச்சு முடிந்தது.

முடிந்தது என்று சொன்னாலும், நானோ செகண்ட் ஆயுளை முன்வைத்து விளக்கம் சொல்லும் கட்டுரைகள் அதற்குப் பிறகும் வந்தன. மாங்கனீசின் அளவு அதிகமானால் ஆயுள் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், ஏனென்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு மாங்கனீசு அயனிகள் ஒன்றோடொன்று இணைந்து சுழற்சித் தடையைத் தளர்த்திவிடும், ஆற்றல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி ஏதாவது ஒரு குறையில் போய் விழுந்து வீணாகும். ஆனால் அந்தக் குறைவு மில்லி செகண்டின் பின்னங்களில் வருவது. அதையும் நானோ செகண்ட் கதையையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

சரி, ஆயுள் வழக்கு தீர்ந்தது. அடுத்த கேள்வி இன்னும் கடினமானது: போட்ட மாங்கனீசு உள்ளேதான் போனதா?

மூன்று நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு துத்தநாக சல்பைடு துகளை எடுத்துக்கொள்ளுங்கள். படிக அலகின் பக்கம் 0.541 நானோமீட்டர், ஓர் அலகுக்கு நான்கு துத்தநாகம். கணக்குப் போட்டால் துகள் முழுவதிலும் சுமார் 350 துத்தநாக அணுக்கள்தான் வரும், அதிலும் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு மேல் மேற்பரப்பு அடுக்கிலேயே இருக்கும். துகளுக்குச் சராசரியாக ஒரு மாங்கனீசு என்று வேண்டுமானால் 0.3 சதவீதம் போதும். ஆனால் சராசரி ஒன்று என்பதற்கு ஒவ்வொரு துகளிலும் ஒன்று என்று அர்த்தமில்லை. அணுக்கள் தற்செயலாகப் பங்கிடப்பட்டால் பாய்சான் பரவலின்படி 37 சதவீதத் துகள்களில் மாங்கனீசே இருக்காது, 37 சதவீதத்தில் ஒன்று, 18 சதவீதத்தில் இரண்டு, மிச்சம் 8 சதவீதத்தில் மூன்றும் அதற்கு மேலும். பாட்டிலில் இருப்பது ஒரே பொருள் இல்லை, நான்கைந்து வகைத் துகள்களின் கலவை. நீல வால் ஏன் முழுசாக மறைவதே இல்லை என்பதற்கு இதுவே பாதி பதில்: மாங்கனீசு கிடைக்காத துகள்கள் தங்கள் சொந்த நீலத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

மாங்கனீசு உள்ளே போனதற்கு ஆதாரம் என்று எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தில் உச்சி நகர்ந்ததைக் காட்டும் கட்டுரைகள் ஏராளம், முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளில் இன்னும் அதிகம். அதையும் எண்ணில் பார்த்துவிடலாம். மாங்கனீசு சல்பைடின் அதே வகைப் படிக அமைப்பில் அலகின் பக்கம் சுமார் 0.56 நானோமீட்டர். ஒரு சதவீத மாங்கனீசு முழுக்க உள்ளே போயிருந்தால், தாமிர எக்ஸ் கதிரில் 28.6 பாகையில் இருக்கும் முதல் உச்சி நகர வேண்டியது சுமார் 0.01 பாகை. மூன்று நானோமீட்டர் துகளில் அதே உச்சியின் அகலமோ இரண்டரைப் பாகைக்கும் மேல். இருநூற்றைம்பது மடங்கு அகலமான மேட்டின் நகர்வை வைத்து மாங்கனீசு உள்ளே போனதா என்று சொல்ல முடியாது. தனிமப் பகுப்பாய்வில் மாங்கனீசு இருப்பது தெரிந்தாலும் அது உள்ளே இருக்கிறதா, வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியாது. இந்த இரண்டையும் மட்டும் வைத்து முடிவு எழுதும் கட்டுரைகளை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை.

நம்பத் தகுந்த சாட்சி எலக்ட்ரான் சுழற்சி ஒத்திசைவு, ஆய்வகத்தில் இ.பி.ஆர். என்று சொல்வது. இயற்கையில் கிடைக்கும் மாங்கனீசு முழுக்க 55 நிறை எண் கொண்ட ஒரே ஐசோடோப்பு, அதன் அணுக்கருச் சுழற்சி 5/2. அதனால் தனித்தனியாக இருக்கும் மாங்கனீசு அயனி ஆறு கோடுகளாகத் தெரியும். கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் அயனியைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். துத்தநாகத்தின் இடத்தில் நான்கு கந்தகத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் அந்த இடைவெளி சுமார் 6.8 மில்லிடெஸ்லா. மேற்பரப்பில் ஆக்சிஜன் சூழ்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் 9ஐ நெருங்கும். கும்பலாகச் சேர்ந்திருந்தால் ஆறு கோடும் கலந்து ஒரே அகலமான மேடாகிவிடும். ஒரே மாதிரியில் இந்த மூன்றும் கலந்து தெரிவது சகஜம், அதைப் பிரித்துப் படிப்பதுதான் வேலை.

காட்மியம் செலினைடில் நடந்தது இன்னும் கசப்பான பாடம். 2000இல் பவெண்டியின் எம்.ஐ.டி. குழு காட்மியம் செலினைடு நானோ படிகத்தில் மாங்கனீசைச் சேர்த்துவிட்டு, மேற்பரப்பைப் போர்த்தியிருந்த மூடு மூலக்கூறுகளை எடுத்துவிட்டு பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தை வைத்துப் பார்த்தது. கூடவே மாங்கனீசில் பெரும்பகுதியும் கழுவிக்கொண்டு போய்விட்டது. அதாவது சேர்த்ததில் பெரும்பாலானது வெளியேதான் உட்கார்ந்திருந்தது. அதே சமயம் டேவிட் நோரிஸ் குழு 2001இல் துத்தநாக செலினைடில் மாங்கனீசை ஒழுங்காக உள்ளே சேர்த்து, 20 சதவீதத்தைத் தாண்டிய ஒளிர்வுத் திறனையும் காட்டியது. இரண்டும் செலினைடுதான், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சூடான கரைப்பானில் வளர்த்தவைதான். ஒன்றில் போகிறது, ஒன்றில் போக மறுக்கிறது.

சிறு படிகம் மாசைத் தானாகவே வெளியே தள்ளிவிடும் என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். மேற்பரப்பு சில அணு தூரத்திலேயே இருக்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட அயனி நகர்ந்து நகர்ந்து வெளியேறிவிடும் என்ற எண்ணம். 2005 ஜூலையில் நேச்சர் இதழில் ஸ்டீவன் எர்வின், எஃப்ரோஸ், நோரிஸ் முதலியோர் வேறு மாதிரி சொன்னார்கள். இந்தப் படிகங்கள் வளரும் வெப்பநிலையில் மாங்கனீசு உள்ளே போய்விட்டால் அப்புறம் நகரவே முடியாது, ஆகவே உள்ளிருந்து தள்ளுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாம் முதலில் ஒட்டிக்கொள்வதில் இருக்கிறது. வளரும் படிகத்தின் எந்த முகத்தில் மாங்கனீசு வந்து உட்கார்கிறது, அடுத்த அடுக்கு வந்து மூடும்வரை அங்கேயே இருக்கிறதா, கரைசலில் இருக்கும் மூடு மூலக்கூறு அதைப் பிடித்து இழுத்துவிடுகிறதா என்பதே கேள்வி. இந்தப் படிகங்களில் அணுக்கள் அடுக்கப்படும் இரண்டு முறைகளில் ஒன்றான துத்தநாகப் பிளெண்ட் அமைப்புள்ள படிகத்தின் 001 என்று குறிக்கப்படும் முகத்தில் எதிர் மின்சுமை அயனிகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நிற்கும், அங்கே மாங்கனீசு பலமாக ஒட்டிக்கொள்ளும். இன்னொரு முறையான உர்ட்சைட் அமைப்பில் அப்படி ஒரு முகம் இல்லை. துத்தநாக செலினைடு நானோ படிகம் முதல் வகை, வழக்கமான காட்மியம் செலினைடு இரண்டாம் வகை. விளக்கம் சொன்னதோடு நிற்காமல், அதன்படி நிலைமைகளை மாற்றி, அதுவரை மாசு ஏறாத காட்மியம் செலினைடிலும் மாங்கனீசை ஏற்றிக் காட்டினார்கள். அடுத்த வருடமே டால்பியனும் செலிகோவ்ஸ்கியும் ஆற்றல் கணக்கை வைத்து, சிறு படிகத்தில் மாசு இருப்பதற்கே ஆற்றல் அதிகம் செலவாகும் என்று வாதிட்டார்கள், இரண்டு தரப்புக்கும் இதழ்களில் நேரடியாகவே வாக்குவாதம் நடந்தது. என் கணிப்பில், கரைசலில் சில நூறு டிகிரிக்குள் வளரும் படிகங்களைப் பொறுத்தவரை எர்வின் தரப்புதான் ஆய்வக அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. எந்த மூடு மூலக்கூறைப் போடுகிறோம் என்பதை மாற்றினாலே உள்ளே போகும் மாங்கனீசின் அளவு தலைகீழாக மாறுகிறது, சமநிலை ஆற்றல் மட்டும் காரணமாக இருந்தால் அப்படி நடக்காது.

இதற்கு வேதியியலாளர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தமானது. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் நாராயண் பிரதான், சியாவோகாங் பெங் குழு 2005இல் வளர்ச்சியையும் மாசு சேர்ப்பதையும் பிரித்தே வைத்துவிட்டது. மாங்கனீசுக்கு ஒரு வழி: முதலில் மாங்கனீசு செலினைடிலேயே குட்டிக் கரு உருவாக்கி, அதன்மேல் துத்தநாக செலினைடைப் போர்த்துவது. உள்ளே போகுமா என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் அது உள்ளேதான் பிறந்தது. தாமிரத்துக்கு வேறு வழி: துத்தநாக செலினைடைப் பாதி வளர்த்து, வெப்பநிலையைக் குறைத்து வளர்ச்சியை நிறுத்தி, அந்த நேரத்தில் தாமிரத்தை மேற்பரப்பில் ஒட்டவைத்து, பிறகு திரும்பச் சூடாக்கி மேலே அடுக்குகளை வளர்ப்பது. பிரதான் பிறகு கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கு வந்து இதே துறையில் தொடர்ந்து வேலை செய்தார்.

தாமிரத்தையும் மாங்கனீசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், மாசு சேர்ப்பதன் மூலம் ஒளியை மாற்றுவது என்றால் என்ன என்பது விளங்கும். மாங்கனீசில் ஒளி தொடங்குவதும் முடிவதும் அதே அயனிக்குள். படிகம் ஆற்றலை ஊட்டிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. அதனால் படிகத்தின் அளவை மாற்றினாலும் நிறம் ஆரஞ்சு மஞ்சளை விட்டுப் பெரிதாக நகராது. தாமிரத்தில் அப்படி இல்லை, படிகத்தின் கடத்து பட்டையில், அதாவது விடுபட்ட எலக்ட்ரான் உலவும் ஆற்றல் நிலைகளில், இருக்கும் எலக்ட்ரான் தாமிரத்தின் டி நிலையில் இருக்கும் துளையோடு சேர்கிறது. ஒரு முனை படிகத்துடையது, மறு முனை தாமிரத்துடையது. படிகம் சிறிதானால் கடத்து பட்டை மேலே போகும், ஒளி நீலத்தை நோக்கி நகரும். துத்தநாக செலினைடில் தாமிரத்தை வைத்து 470 முதல் 550 நானோமீட்டர் வரை, நீலத்திலிருந்து பச்சை வரை, நகர்த்த முடிந்தது. ஆகவே நிறத்தை விருப்பப்படி நகர்த்த வேண்டுமா, அளவு எப்படி இருந்தாலும் நிறம் அசையாமல் நிற்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் எந்த மாசு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். காட்மியம் செலினைடில் மாங்கனீசைப் போட்டால் இன்னொரு வேடிக்கையான நிலை வருகிறது. அங்கே படிகத்தின் ஆற்றல் இடைவெளியை அளவை வைத்தே மாங்கனீசின் 2.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலேயோ கீழேயோ கொண்டுபோகலாம். விட்டம் மூன்று நானோமீட்டர் சொச்சத்துக்குக் கீழே இருந்தால் மாங்கனீசு ஒளிரும், அதற்கு மேலே போனால் மாங்கனீசு வாய் மூடிக்கொள்ளும், படிகமே ஒளிரும், ஆனால் மாங்கனீசின் காந்தத் தன்மை அந்த ஒளியில் தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேனியல் கமெலின் குழு 2008இல் இதைத் தெளிவாகக் காட்டியது.

மில்லி செகண்ட் ஆயுள் உறுதியானதில் நட்டமும் உண்டு, லாபமும் உண்டு. பலமான வெளிச்சத்தில் திணறும் என்ற குறை அப்படியே இருக்கிறது. ஒரு துகளில் மாங்கனீசு ஒளிரக் காத்திருக்கும்போதே இன்னொரு ஃபோட்டான் வந்து விழுந்தால், அந்த ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகப் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் உயிர்த் திசுக்களைப் படம் பிடிப்பவர்களுக்கு இதே மெதுவான ஒளி வசதி: திசுவின் சொந்த ஒளிர்வு நானோ செகண்டுகளில் மறைந்துவிடும், சற்றுத் தாமதித்து உணரியைத் திறந்தால் மாங்கனீசு மட்டும் தெரியும். உத்ரெக்டில் வழக்கைத் தீர்த்த அதே தாமத முறைதான். இன்னொரு லாபம், உறிஞ்சும் இடமும் உமிழும் இடமும் வெகு தூரம் விலகி இருப்பது. படிகம் உறிஞ்சுவது புற ஊதாவில், மாங்கனீசு உமிழ்வது ஆரஞ்சில், அந்த ஆரஞ்சை எந்தத் துகளும் திரும்ப உறிஞ்சாது. பெரிய கண்ணாடித் தகட்டில் துகள்களைப் பூசி, வெயிலை உறிஞ்சி, ஓரத்தில் இருக்கும் சூரிய மின்கலத்துக்கு ஒளியை ஓட்டும் அமைப்புகளில் இதுதான் தலைவலியாக இருந்தது. மாசு சேர்க்காத சாதாரண நானோ படிகங்களான குவாண்டம் புள்ளிகளில் ஒளி ஓரம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த துகள் விழுங்கிவிடும். கமெலின் குழு 2014இல் மாங்கனீசு சேர்த்த துத்தநாக செலினைடு, மேலே துத்தநாக சல்பைடு ஓடு என்ற துகளை வைத்து இந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லாத தகட்டைச் செய்து காட்டியது. அந்தத் துகள் வெயிலில் நீலத்துக்கு அப்பால் உள்ள சிறு பங்கைத்தான் உறிஞ்சுகிறது என்பது மட்டும் பெரிய குறை.

மாங்கனீசின் நிறம் அசையாது என்று மேலே சொன்னேன். அதையும் அப்படியே விட்டுவிட முடியாத ஒரு வேலை பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் டி. டி. சர்மா குழுவில் நடந்தது. பாட்டில் முழுக்க இருக்கும் துகள்களை மொத்தமாக அளந்தால் மாங்கனீசின் பட்டை எப்போதும் அகலமாகவே இருக்கும், அதிர்வுகளால் அப்படி என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். துத்தநாக சல்பைடும் காட்மியம் சல்பைடும் கலந்த படிகங்களில் மாங்கனீசைப் போட்டு, ஒவ்வொரு துகளாக அவர்கள் அளந்து 2013இல் வெளியிட்டபோது, தனித் துகளின் பட்டை மொத்தப் பட்டையைவிட வெகு குறுகலாக இருந்தது, துகளுக்குத் துகள் அது வேறு வேறு நிறத்தில் நின்றது. மாங்கனீசு படிகத்தின் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா, சுற்றிலும் உள்ள பிணைப்புகள் எவ்வளவு இழுபட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து அதன் ஒளி நகர்கிறது என்பது அவர்களின் விளக்கம். மொத்தமாகப் பார்த்தபோது கிடைத்த அகலம், வேறு வேறு இடங்களில் உட்கார்ந்த அயனிகளின் கூட்டுத்தொகை.

இந்த அளவீட்டைச் செய்வது லேசில்லை. 1.9 மில்லி செகண்ட் ஆயுள் உள்ள ஒரே ஒரு மாங்கனீசு அயனி, எவ்வளவு லேசரை அதன்மேல் பாய்ச்சினாலும், செகண்டுக்கு அதிகபட்சம் 500 சொச்சம் ஃபோட்டான்தான் தரும். 20 நானோ செகண்ட் ஆயுள் இருந்திருந்தால் அது 5 கோடியாக இருந்திருக்கும். அந்த 500இலும் லென்சுக்குள் வந்து, நிறமாலைமானியைத் தாண்டி, உணரியில் பதிவாவது சில பத்துதான், அதையும் பல அலைநீளங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஒரே துகளுக்குள் பல மாங்கனீசுகளை வைத்து, நீண்ட நேரம் சேகரித்து, அந்த நேரம் முழுக்கத் துகள் புற ஊதாவில் கெட்டுப்போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு மாங்கனீசு மட்டும் உள்ள துகளில், அது உட்கார்ந்த இடத்தையும் அதன் நிறத்தையும் ஒருசேர அளப்பதுதான் இதில் மிச்சமிருக்கும் ஆகக் கடினமான வேலை.